வேலைத்தளத்தில் ஆளுக்கு அடிபட்டால்: முதலாளிமார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிந்தவூரில் இருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும் ஒன்பது சிறு தொழில்களுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். அரிசி ஆலை, மரத்தளபாடக் கடை, புளொக் கல் வாடி, வயல் வேலைக்கு மெசின் விடுகிற ஒருவர், இப்படிக் கலவையாக. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் வேலை செய்கிற ஆளுக்கு அடிபட்ட இரவில் முதலாளிக்கு முதலில் ஞாபகம் வருவது சட்டத்தரணி இல்லை, கணக்கப்பிள்ளைதான். அப்படி வந்த கோல்களில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

அடிபட்ட உடனே என்ன செய்ய?

முதலில் மெயின் சுவிட்சை நிப்பாட்டுங்கள், ஆளைத் தொடுவது அதற்குப் பிறகு. கரண்ட் பிடித்தவரை இழுக்கப் போய் இரண்டாவது ஆளும் விழுந்த கதைகள் நம் பக்கத்தில் குறைவில்லை. அடுத்தது 1990க்கு ஒரு கோல். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், வருகிறவர்கள் பயிற்சி எடுத்தவர்கள். ஆளை முச்சக்கர வண்டியில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடுவதை விட, கூரையில் இருந்து விழுந்து முதுகில் அடிபட்டவருக்கு அம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பதுதான் நல்லது.

விரல் துண்டாகிப் போனால் அதைத் தேடி எடுங்கள், பதற்றத்தில் எல்லோரும் மறப்பது இதைத்தான். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸ்கட்டி விரலில் நேரே படக்கூடாது. தீக்காயத்துக்கும் நெல் அவிக்கிற இடத்தில் நீராவி அடித்ததற்கும் ஓடுகிற பைப் தண்ணீர், இருபது நிமிடம். பற்பசை பூச ஓடி வருகிற ஆட்களை விலக்கிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் "பைக்கில் இருந்து விழுந்தது" என்று சொல்லிவிடலாமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத முதலாளி ஒருவர்கூட இல்லை. சொல்லாதீர்கள், அடிபட்டவரையும் சொல்ல வைக்காதீர்கள்.

பயம் விளங்குகிறது. பொலிஸ் வரும், தொழில் காரியாலயம் வரும், அப்புறம் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டாத கதையும் வெளியே வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெல்ட்டில் நசுங்கிய கைக்கும் றோட்டில் தேய்ந்த கைக்கும் உள்ள வித்தியாசம் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை டொக்டருக்கும் தெரியும், கல்முனையில் இருக்கிறவருக்கும் தெரியும். விபத்துக் கேஸ் என்றால் ஆஸ்பத்திரிப் பொலிஸ் வாட்டுக்கே வந்து வாக்குமூலம் எடுக்கும். பொய் சொன்னால் அது வாட்டு டிக்கெட்டில் ஏறும், டயக்னோசிஸ் கார்டில் ஏறும், பொலிஸ் கொப்பியிலும் ஏறும். இரண்டு மாதம் கழித்து அந்த ஆளே, அல்லது அவருடைய மச்சான், "ஆலையில்தான் நடந்தது" என்று சொல்லும்போது, மறைக்கப் பார்த்தவர் நீங்கள்தான் என்று அந்தக் காகிதங்களே காட்டிக் கொடுக்கும். இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அந்தக் காசும் போகும், ஏனென்றால் காகிதத்தின்படி அது வேலைத்தள விபத்தே இல்லையே.

யாருக்கு அறிவிக்க வேண்டும்?

உங்கள் இடம் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டத்துக்குள் வருகிறது என்றால் (மெசின் ஓடுகிற அரிசி ஆலை, மரஆலை, வேர்க்‌ஷொப் எல்லாம் வரும்), ஆள் இறந்தாலோ, அடிபட்டதால் மூன்று நாளுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்து முழுச் சம்பளம் எடுக்க முடியாமல் போனாலோ, எழுத்தில், தாமதிக்காமல், உங்கள் பகுதிக்குப் பொறுப்பான தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். முதலில் காயம் என்று அறிவித்து, பிறகு அந்த ஆள் இறந்துபோனால் அதையும் தனியாக அறிவிக்க வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ தொழில் காரியாலயத்தில் கேளுங்கள், சொல்வார்கள்.

கோல் எடுத்துச் சொன்னேன் என்பது கணக்கில் வராது. கடிதம் எழுதி, பதிவுத்தபாலில் போட்டு, துண்டைக் கடிதக் கொப்பியோடு பின் அடித்து வையுங்கள்.

ஆள் நாட்கூலி. நியமனக் கடிதம் இல்லை, ஈபிஎப் இல்லை. அப்போதும் நானா பொறுப்பு?

நீங்கள்தான். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் நியமனக் கடிதத்தைத் தேடுவதில்லை. உங்கள் தொழிலுக்காக, உங்கள் சொல்லில் வேலை செய்தாரா என்றுதான் பார்க்கும். நேற்று வந்து மூட்டை தூக்கியவருக்கும் இது பொருந்தும். கடிதம் இல்லாதது உங்களைக் காப்பாற்றாது, மாறாக அவர் சொல்கிற சம்பளத்தை மறுக்க உங்கள் கையில் ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிடும்.

அவருடைய கவனயீனம்தானே? நான் ஆயிரம் தடவை சொன்னேன்.

சொல்லியிருப்பீர்கள். ஆனால் இந்தச் சட்டம் யாரில் பிழை என்று நிறுக்கிற சட்டம் இல்லை. வேலையில், வேலையின் காரணமாக அடிபட்டதா என்பதுதான் கேள்வி. அவசரத்தில் கையை விட்டார், நித்திரைத் தூக்கத்தில் இருந்தார் என்பதெல்லாம் உங்களை விடுவிக்காது.

விதிவிலக்கு உண்டு. குடிபோதையில் இருந்ததே நேரடிக் காரணமானால், பாதுகாப்புக்காகப் போட்ட விதியை வேண்டுமென்றே மீறினால், பாதுகாப்பு மூடியைத் தெரிந்துகொண்டே கழற்றினால் நீங்கள் மறுக்கலாம். ஆனால் ஆள் இறந்துபோனால் இந்த விதிவிலக்குகளும் கைகொடுக்காது. இன்னொன்று, மூடியைக் கழற்றினார் என்று சொல்வதற்கு முதலில் அந்த மூடி இருந்திருக்க வேண்டும். பெல்ட், கப்பி, ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் காப்பு போட வேண்டியது உங்கள் கடமை. நான் போகிற ஆலைகளில் பாதிக்கு மேல் அந்தக் காப்பு சுவரில் சாத்தி வைத்திருக்கிறது, தவிடு அடைக்கிறதாம், அதனால் கழற்றியதாம். கழற்றச் சொன்னது யார் என்று கேட்டால் எல்லோரும் முதலாளி ஹாஜியாரைப் பார்க்கிறார்கள்.

எவ்வளவு காசு கொடுக்க வேண்டி வரும்?

இரண்டு வகை. கொஞ்சக் காலம் வேலை செய்ய முடியாமல் வீட்டில் இருந்தால் அரைமாதத்துக்கு ஒரு தடவை கொடுப்பனவு. நிரந்தரமாக ஏதாவது போனால் ஒரே தொகை, அது எந்த அங்கம், எத்தனை வீதம் இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது, விரலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. உச்சத்தொகை முன்பு 550,000 ரூபாய், 2022இல் திருத்தம் வந்து 20 இலட்சமாக்கினார்கள். பழைய தொகையை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கணக்கு அவருடைய மாதச் சம்பளத்தில் இருந்து தொடங்குவதால், சண்டையும் அங்கேதான் தொடங்கும். போகத்துக்குப் போகம் கூலி மாறுகிற இடத்தில் சம்பளப் பதிவு இல்லாவிட்டால் நீங்கள் ஒன்று சொல்வீர்கள், அவர் ஒன்று சொல்வார். ஆலையிலேயே சாப்பாடும் தங்க இடமும் கொடுத்திருந்தால் அதன் பெறுமதியும் சம்பளத்தில் சேரும், இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

அப்புறம் அட்வான்ஸ். "அவன் எனக்கு எண்பதாயிரம் தரக் கிடக்கு, அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்போமா?" என்று கேட்பார்கள். முடியாது. நட்டஈட்டுக் காசில் எந்தக் கடனையும் கழிக்க முடியாது, வேறு கடன்காரனும் அதில் கை வைக்க முடியாது. அட்வான்ஸ் வேறு கணக்கு, அதை வேறாகப் பேசுங்கள்.

ஒரு தொகையைக் கையில் கொடுத்து, "இனி உரிமை கோர மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கினால் முடிந்ததா?

இல்லை. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிற எந்த உடன்படிக்கையும் செல்லாது. முத்திரை ஒட்டினாலும், சமாதான நீதவான் கையெழுத்து வைத்தாலும், பள்ளிவாசலிலோ கோயிலிலோ வைத்துப் பேசி முடித்தாலும் செல்லாது. பெரியவர்கள் முன்னால் பேசுவதை நான் குறை சொல்லவில்லை, மனஸ்தாபம் தீர அது நல்ல வழி. ஆனால் இரண்டு பக்கமும் ஒரு தொகைக்கு உடன்பட்டால் அந்த உடன்பாட்டைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அவருடைய காரியாலயம் கொழும்பில் இருக்கிறது. இங்கே தொழில் காரியாலயத்தில் படிவத்தையும் வழியையும் கேட்டுக்கொள்ளலாம்.

இதில் என் தலையில் விழுந்த கதை ஒன்று இருக்கிறது. நான் கணக்கு எழுதிய ஓர் ஆலையில், பெரும்போக நெல் குவிந்து கிடந்த காலத்தில், இரவு வேலையில், நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர் பெல்ட்டில் ஒரு பொடியனின் இடது கை போய் இரண்டு விரல் இல்லாமல் போயிற்று. முதலாளி நல்ல மனிதர். தன் வானிலேயே கொண்டுபோனார், வாட்டுக்கு வெளியே விடியும்வரை நின்றார், மூன்று மாதம் வீட்டுக்கு அரிசி அனுப்பினார், இரண்டு தடவையாக எழுபத்தையாயிரம் ரூபாய் கையில் கொடுத்தார். எல்லாம் கொடுத்தார், ஒன்றையும் எழுதவில்லை. எழுதவில்லை என்று சொன்னால் முழு உண்மை ஆகாது, எழுதியது நான். அந்த எழுபத்தையாயிரத்தை "இதர செலவு" என்று பேரேட்டில் போட்டேன், பெயர்கூட இல்லை. எட்டு மாதம் கழித்து பொடியனின் நட்டஈட்டு விண்ணப்பம் ஆணையாளரிடம் போனது. விசாரணையில் முதலாளி, "நான் அவனைப் பிள்ளை மாதிரிப் பார்த்தேன்" என்றார். கொடுத்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் பேரேட்டைப் பார்த்தேன். "இதர செலவு, 40,000. இதர செலவு, 35,000." கடைசியில் முழுத் தொகையையும் புதிதாகக் கட்டினார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், காசு கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள், ஆனால் யாருக்கு, என்னத்துக்கு, எந்தத் திகதியில் என்று வவுச்சரில் எழுதி, அவர் கையெழுத்தோடு கொடுங்கள். முடிந்தால் வங்கியில் போடுங்கள்.

ஆள் இறந்துவிட்டால்?

மெசினைக் கழுவாதீர்கள், இடத்தைக் கூட்டாதீர்கள், பொலிசும் திடீர் மரண விசாரணை அதிகாரியும் பார்த்து முடியும்வரை அப்படியே இருக்கட்டும். நாளைக்கு நெல் வருகிறது என்று அதே இரவில் ஆலையை ஓட விட்ட இடமும் எனக்குத் தெரியும், அதைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை.

மையத்துச் செலவுக்கு, அதாவது அடக்கச் செலவுக்குக் கொடுப்பது மனிதத்தன்மை, அதைச் செய்யுங்கள், அதையும் எழுதி வையுங்கள். ஆனால் மரணத்துக்கான நட்டஈட்டைக் குடும்பத்திடம் நேரே கொடுத்தால் அது நட்டஈடு கொடுத்ததாகவே ஆகாது. ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும், மனைவி, பிள்ளைகள், தாய் தகப்பன் என்று தங்கியிருந்தவர்களுக்கு அவர் பிரித்துக் கொடுப்பார். தமையன் வந்து நின்று "என்னிடம் தாருங்கள்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். எட்டாம் நாள் சடங்குக்கு வந்து நிற்கிற எல்லோரும் அந்தப் பிள்ளைகளுக்காக வருகிறவர்கள் இல்லை.

ஆள் என்னுடையவர் இல்லை, கொன்ட்ராக்ட் எடுத்த பாஸ் கூட்டி வந்தவர்.

உங்கள் தொழிலின் வேலையை அந்தப் பாஸிடம் கொடுத்து, அவருடைய ஆள் உங்கள் இடத்தில் அடிபட்டால், அந்த ஆள் உங்களிடமே கேட்கலாம். நீங்கள் கொடுத்துவிட்டுப் பாஸிடம் திருப்பி வாங்க வழி இருக்கிறது, வாங்க முடிகிறதா என்பது பாஸைப் பொறுத்தது. வேலை கொடுக்கும்போதே ஆட்களின் பெயரை எழுதி வாங்குங்கள்.

வேலைக்கு வருகிற வழியில் விபத்து நடந்தால்?

2022 திருத்தத்தில் இதுவும் சேர்ந்துவிட்டது. வீட்டில் இருந்து வேலைக்கு வரும்போதும், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் நடக்கிற விபத்து உள்ளே வரும். அக்கரைப்பற்று றோட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு, லைட் இல்லாத பைக்கில், மாடு படுத்திருக்கிற இடத்தைத் தாண்டி வருகிற ஆட்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள் இந்த வரியை இரண்டு தடவை வாசியுங்கள்.

வயலில் பாம்பு கடித்தால், மருந்து அடிக்கும்போது மயங்கினால்?

அதுவும் வேலையில் நடந்ததுதான். பாம்பு கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிட்டு ஆளை நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்கு. விஷகடி வைத்தியரில் நம்பிக்கை உள்ளவர்களோடு நான் வாதாட வரவில்லை, ஆனால் விஷமுறிவு ஊசி இருப்பது அரச ஆஸ்பத்திரியில். கிருமிநாசினி என்றால் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். டொக்டருக்குப் பெயரை விட லேபல்தான் தேவை.

லீவுக்கு வேலைக்கு வந்த பாடசாலைப் பொடியன் அடிபட்டால்?

வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயது 2021இல் 14இல் இருந்து 16ஆக உயர்ந்தது. 16 ஆகிவிட்டாலும் 18 வரைக்கும் அபாயமான வேலையில் வைக்க முடியாது. ஓஎல் எழுதிவிட்டு சும்மாதானே இருக்கிறான் என்று மாமாவின் வட்டவாளில் நிற்கவிட்டால், அடிபட்ட பிறகு நட்டஈடும் வரும், அதற்கு மேல் வழக்கும் வரும். சொந்தக்காரப் பிள்ளை என்பது ஒரு பதிலே இல்லை.

இன்சூரன்ஸ் எடுத்தால் போதுமா? ஈரிஎப்பும் கட்டுகிறேனே?

இன்சூரன்ஸ் எடுங்கள், அதுவும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாமல். பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் நாலு பேருக்கு எடுத்தால், அடிபடுவது அஞ்சாவது ஆளாகத்தான் இருக்கும். அரச கட்டட வேலை எடுப்பவர்களிடம் இதை எப்படியும் கேட்பார்கள். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு நீங்கள் கட்டுகிற 3 வீதத்தில் அங்கத்தவருக்கு மரணம், நிரந்தர இயலாமை போன்றவற்றுக்கு உதவிகள் இருக்கின்றன, விண்ணப்பிக்க உதவி செய்யுங்கள். நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவர் ஈபிஎப் காசையும் எடுக்கலாம். ஆனால் இவை அவருடைய காசு. உங்கள் நட்டஈட்டில் இருந்து கழிக்கிறதற்கில்லை.

சுகமாகி வந்தவரை வேலையில் எடுக்காமல் விடலாமா?

15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடம் என்றால், கடந்த 12 மாதத்தில் 180 நாள் அல்லது அதற்கு மேல் வேலை செய்தவரை, ஒழுக்கப் பிழை இல்லாத காரணத்துக்காக, அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம். கை போனது ஒழுக்கப் பிழை இல்லை. அதை விடச் சின்ன இடம் என்றாலும் அவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம்.

சட்டத்தை விடுங்கள். இரண்டு விரல் இல்லாத ஆள் தராசடியில் நின்று மூட்டை எண்ணுவார், கேற்றில் நிற்பார், பில் எழுதுவார். மேலே சொன்ன ஆலையில் அந்தப் பொடியன் இப்போது நிறுவைக்குப் பொறுப்பு, நெல்லில் ஈரம் பார்க்கிறதில் அவனை ஏமாற்ற முடியாது என்கிறார்கள்.

எங்களிடம் ஒரு பதிவும் இல்லை. எங்கே தொடங்குவது?

கடையில் ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். ஒரு விபத்துக்கு ஒரு பக்கம். நான் எழுத வைக்கிறது இப்படித்தான்:

"திகதி, இரவு 9.40. இடம்: இரண்டாம் எலிவேட்டர் அடி. ஆள்: முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், எப்போதிருந்து வேலை, நாட்கூலி எவ்வளவு. நடந்தது: பெல்ட்டில் சிக்கிய சாக்கு நூலை எடுக்கக் கை விட்டார், மெசின் ஓடிக்கொண்டிருந்தது, காப்பு இல்லை. கண்டவர்கள்: இரண்டு பேர், கையெழுத்து. 1990க்கு அழைத்தது 9.43, வந்தது 10.05. ஆஸ்பத்திரி, வாட்டு இலக்கம். வீட்டுக்கு அறிவித்தது யார், எத்தனை மணிக்கு."

"காப்பு இல்லை" என்பதை எழுத முதலாளிமார் விரும்புவதில்லை. எழுதத்தான் வேண்டும், கண்ட இரண்டு பேரும் அதை எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள். அடுத்த நாள் காப்பு போட்டால் அதையும் கீழே திகதியோடு எழுதுங்கள்.

கொப்பியை அலுமாரியில் பூட்ட வேண்டாம், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிடுங்கள். பேனையை நூலில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது நாளே அது சாரதியின் சட்டைப் பையில் இருக்கும்.